லைன்மேன் சாக்கில் இருக்கும் பழைய கட்டிங் பிளேயர்: நம் கடற்கரைக்காரர்கள் பேச வேண்டிய விஷயம்

குந்துகால்_கரை எழுதியது:

பாம்பன் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் விடிகாலை நாலு மணி. பனி நன்றாக இறங்கியிருந்தது. ரோட்டோரக் கம்பத்தின் உச்சியில் சட்டென்று ஒரு நீல வெளிச்சம், வெடிச் சத்தம், கரண்ட் போய்விட்டது. படகுகள் கரைக்கு வரும் நாள் அது. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் எங்கள் ஐஸுக்கு நஷ்டம். ஆறு மணி நேரம் இல்லையென்றால் ஏலத்துக்கு வந்த மீனுக்கே நஷ்டம்.

போன் போட்ட முக்கால் மணி நேரத்தில் லைன்மேன் அண்ணன் வந்துவிட்டார். சொந்த பைக், பின்னால் ஒரு சிமெண்ட் சாக்கு. சாக்கைத் தரையில் கொட்டினார். ஒரு கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, கொஞ்சம் ஃபியூஸ் கம்பி, ஒரு கயிறு. பிளேயர் பிடியின் பிளாஸ்டிக் உறை பிய்ந்துபோய், அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார். "இது ஷாக் அடிக்காம இருக்கவாண்ணே?" என்று கேட்டேன். "வேர்வையில வழுக்காம இருக்க" என்றார்.

அந்தப் பிளேயர் துருவேறித் திறக்க வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பிரித்து, நாலைந்து தடவை ஆட்டிவிட்டுத்தான் மேலே ஏறினார். கீழே டார்ச் அடித்துக்கொண்டு நின்ற எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. நாங்கள் ஐஸை உடைத்து லோடு ஏற்றினோம். அவர் அடுத்த கம்பத்துக்குப் போனார்.

என் தாத்தா காலத்திலும் இதே பிளேயர், இதே கயிறுதான். படகுக்கு ஜி.பி.எஸ் வந்துவிட்டது, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி வந்துவிட்டது. லைன்மேன் சாக்குக்குள் மட்டும் ஏன் ஒன்றும் வரவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_லைன்மேன் எழுதியது:

தம்பி, நான் உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் என்று 30 வருஷத்துக்கு மேல் கம்பம் ஏறியவன். நீங்கள் பார்த்த நீல வெளிச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்தால்தான் பிளேயர் கதையும் புரியும்.

கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் கடல் தெறிப்பும் மணல் தூசியும் சேர்ந்து, கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் மேல் வெள்ளையாகப் படியும். காய்ந்திருக்கிற வரைக்கும் ஒன்றும் செய்யாது. உப்பு ஈரமானால்தான் கரண்டைக் கடத்தும். அடைமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பனியும் தூறலும் கழுவாது, நனைக்க மட்டும் செய்யும். அதனால்தான் விடிகாலை நேரத்தில் இன்சுலேட்டர் மேலாகவே கரண்ட் ஓடி, பொறி பறந்து, பீங்கான் விரிசல் விடும். மார்கழி, தை மாதங்களில் மூன்று மணிக்கு மேல் போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே என் வீட்டில் டார்ச்சை எடுத்து வைத்துவிடுவார்கள்.

அதே உப்புதான் கருவியையும் தின்கிறது. மதுரையில் நாலு வருஷம் உழைக்கும் பிளேயர் இங்கே ஒரு வருஷம் தாங்காது. முதலில் நடு ரிவெட் இறுகும். அப்புறம் வெட்டும் வாய் மழுங்கும். ராத்திரி வீட்டுக்குப் போனதும் மண்ணெண்ணெயில் துடைத்துத் தேங்காய் எண்ணெய் போட்டு வைப்பேன். எண்ணெய் பட்டுப் பட்டுப் பிடியின் உறை ஊறி இளகும், வெயிலில் வெடிக்கும். இரும்பைக் காப்பாற்றினால் உறை போகும், உறையைக் காப்பாற்றினால் இரும்பு போகும்.

வெட்டுகிற கம்பி என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மேலே போகிற ஏ.சி.எஸ்.ஆர் கம்பியில் சுற்றி ஆறு அலுமினிய இழை, நடுவில் ஓர் எஃகு இழை. அலுமினியம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அந்த நடு எஃகை மழுங்கிய பிளேயரால் வெட்ட, ஏணியில் ஒற்றைக் காலை மடக்கி நின்றுகொண்டு, இரண்டு கையாலும் உயிரைக் கொடுத்து அழுத்த வேண்டும். ஒரு நாளில் இருபது முப்பது தடவை. அப்புறம் ஜம்பரை, அதாவது ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குப் போடும் இணைப்புத் துண்டை, பிளேயராலேயே முறுக்கி இணைப்போம். முறுக்கின இடத்துக்குள் உப்புக் காற்று புகுந்து வெந்துபோய், ஆறு மாதத்தில் அதே கம்பத்தில் அதே வேலை. கிளாம்ப் போட்டு முடுக்கினாலோ, கிரிம்பிங் கருவியில் அழுத்தி இணைத்தாலோ அந்த இரண்டாவது ஏற்றமே தேவைப்படாது. கருவி பழசு என்றால் லைன்மேன் கம்பம் ஏறுகிற எண்ணிக்கையே கூடுகிறது. இதை வெளியில் இருப்பவர்கள் யாரும் கணக்கெடுப்பதில்லை.

2018-ல் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போனோம். ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்த புயல் அது. சேற்றில் தோளில் கம்பம் சுமந்து, கடப்பாரையால் குழி வெட்டி, இதே பிளேயரால்தான் கம்பி வெட்டினோம். பல ஊர் ஆட்கள் ஒன்றாக வேலை செய்தோம். எல்லார் சாக்கிலும் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான்.

என் வலது கைப் பெருவிரலுக்கு இப்போது சட்டைப் பட்டன் போட வராது.

ஏர்வாடி_தெற்கு எழுதியது:

ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். நான் களப்பணி மேற்பார்வையில் இருந்தவன். கையுறை கொடுத்தோம், பெல்ட் கொடுத்தோம், ஹெல்மெட் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுப் பரணில் வைத்துவிடுவார்கள். கேட்டால், "அதைப் போட்டுக்கிட்டு வேலை ஓடாது சார்" என்பார்கள். ஒருவர் என் கண் முன்னாலேயே கையுறையைக் கழற்றிப் பின் பாக்கெட்டில் சொருகிவிட்டு ஏறினார். நான் கத்தினேன். பத்து நிமிஷத்தில் லைன் கொடுத்துவிட்டு இறங்கி வந்து சிரித்தார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அந்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது? கருவியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், பழக்கமும் மாற வேண்டும்.

கருவேலங்காடு எழுதியது:

நான் ஒப்பந்த ஆள். கையெழுத்துப் போடவும் இல்லை, கையுறை வாங்கவும் இல்லை. பெல்ட் ஒன்று இருக்கிறது, மூன்று பேருக்கு. முள்ளுக்குள் இறங்கி அறுந்த கம்பியைத் தேடுகிற வேலைக்குச் சொந்தக் காசில் வாங்கிய செருப்பு.

ஓய்வு_லைன்மேன் எழுதியது:

ஏர்வாடி தம்பி சொல்வது உண்மை. நானே கழற்றியிருக்கிறேன். மறைக்கவில்லை. ஏன் கழற்றினேன் என்பதையும் கேளுங்கள்.

கையுறை எல்லாருக்கும் ஒரே அளவில் வரும். எனக்குத் தொளதொள என்று இருக்கும், விரல் நுனியில் அரை அங்குலம் காற்று. அதை மாட்டிக்கொண்டு சின்ன நட்டைப் பிடிக்க முடியாது, கீழே விழும். கீழே மணல். மணலில் விழுந்த நட்டைத் தேட ஏறி இறங்க வேண்டும். சித்திரை வெயிலில் பத்து நிமிஷத்தில் கையுறைக்குள் வேர்வை தேங்கும். வண்டிப் பெட்டியில் வெயிலில் கிடந்து மடிப்பில் கீறல் விட்டிருக்கும். ஓட்டை விழுந்த கையுறைக்குள் நனைந்த கை, அது வெறும் கையை விட மோசம். போட்டிருக்கிறோம் என்ற தைரியம் வேறு வந்துவிடும்.

பெல்ட் விஷயமும் அப்படித்தான். இடுப்பு பெல்ட் போட்டுக்கொண்டு வழுக்கினால் விழ மாட்டோம், சரி. மொத்தப் பாரமும் இடுப்பில் ஒரே இழுப்பாக விழும். முதுகெலும்பு போய்விடும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். சாயல்குடிப் பக்கம் பனையேறிகளைப் பாருங்கள். காலில் தளைக்கயிறு, நெஞ்சு மரத்தோடு அணைந்து நிற்கும், மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். பனைக்குச் சொரசொரப்பு உண்டு. சிமெண்ட் கம்பத்துக்கு அது இல்லை, அதிலும் உப்பில் வெந்து சிமெண்ட் பெயர்ந்து உள்கம்பி துருத்திக்கொண்டிருக்கும் கம்பத்தில் கயிறே அறுபடும். அந்த வேலைக்குப் பனையேறிக்கு இருக்கிற பிடிமானம் கூட எங்களுக்கு இருந்ததில்லை.

பனைமரக்காடு எழுதியது:

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறேன். இந்த விவாதத்தில் ஒரு விஷயம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உறை போட்ட பிளேயர் எல்லாம் ஷாக் தடுக்கும் பிளேயர் இல்லை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான பிளேயர்களின் சிவப்பு, பச்சை உறை பிடிக்க வசதிக்காகத்தான். மின்காப்புக் கைக்கருவிகளுக்கு ஐ.இ.சி 60900 என்று ஓர் உலகத் தரம் இருக்கிறது. அப்படிச் செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பதிந்திருக்கும். ஒவ்வொரு கருவியையும் 10,000 வோல்ட்டில் சோதித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். சில வகைகளில் உறை இரண்டு நிறத்தில் இருக்கும். மேல் நிறம் தேய்ந்து உள் நிறம் தெரிந்தால் அந்தக் கருவியைத் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம். சைக்கிள் டியூப் இந்தக் கணக்கில் வராது. டியூப் ரப்பரில் கரித்தூள் கலந்திருப்பதால் அதைக் காப்பு என்று நம்பவே கூடாது.

அப்படிப்பட்ட நல்ல பிளேயரும் 1000 வோல்ட் வரைக்கும்தான். வீட்டுக்கு வரும் 230, மோட்டாருக்கு வரும் 415 வோல்ட்டுக்குச் சரி. 11 கே.வி, 22 கே.வி (11,000, 22,000 வோல்ட்) லைனுக்கு அது ஒன்றுமே இல்லை. அங்கே காப்பாற்றுவது மூன்று விஷயம். லைனை நிறுத்தி எல்.சி (லைன் கிளியர் என்ற வேலை அனுமதி) வாங்குவது, கரண்ட் உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்று சோதிப்பது, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போடுவது. இதில் ஒன்றைக் கூட விட முடியாது.

சோதிக்கும் இடத்தில்தான் பழைய கருவி பெரிய ஆபத்து. நியான் டெஸ்டரின் அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சம் நம் கடற்கரை உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது. எரியவில்லை என்று நினைத்துத் தொட்டால் போச்சு. எச்.டி என்கிற உயர் அழுத்த லைனுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. நீளமான ஃபைபர் குச்சியின் நுனியில் மாட்டி, சத்தமும் வெளிச்சமும் காட்டும் டிடெக்டர் இருக்கிறது. ஹெல்மெட்டிலோ கையிலோ மாட்டிக்கொண்டால் உயிருள்ள லைனை நெருங்கும்போதே பீப் அடிக்கும் கருவியும் இருக்கிறது. அது எர்த் போடுவதற்கு மாற்று இல்லை, மறதிக்கு ஒரு காவல்.

கையுறைக்கும் வகுப்பு உண்டு. வகுப்பு 0 என்றால் 1000 வோல்ட், வகுப்பு 2 என்றால் 17,000, வகுப்பு 3 என்றால் 26,500, வகுப்பு 4 என்றால் 36,000. ரப்பர் கையுறைக்கு மேல் தோல் கையுறை போட வேண்டும், கம்பி முனை குத்தாமல் இருக்க. தினமும் ஏறும் முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, காற்றை விரல்களுக்குள் தள்ளி, கன்னத்தோரம் வைத்துப் பார்த்தால் ஊசித் துளை இருந்தாலும் தெரியும். அரை நிமிஷ வேலை. இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் கையுறையை மட்டும் கொடுத்தால் அது பரணுக்குத்தான் போகும். ஏர்வாடி நண்பர் வருத்தப்பட வேண்டிய இடம் அதுதான்.

தொண்டி_பண்ணை எழுதியது:

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. எங்களுக்கு இறால் பண்ணை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரம் ஒரு மணி நேரம் நின்றால் குளத்தில் ஆக்சிஜன் குறைந்து இறால் மிதந்துவிடும். அதனால் கரண்ட் போன உடனே ஜெனரேட்டர். அவசரத்தில் பல வருஷம் மெயினை இறக்காமல் அப்படியே ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறோம்.

ஒரு நாள் லைன்மேன் ஒருவர் வேலியருகே வந்து நின்று, கோபப்படாமல் விளக்கினார். "நீங்க விடுற 415 வோல்ட் கம்பி வழியா திரும்பி டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள போகும். அந்தப் பக்கம் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏறும். லைன் ஆஃப்னு நெனச்சு மேல நிக்கிறவன் நான்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. மறுநாளே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டோம். ஈ.பி கரண்ட்டும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி நடுவில் ஆஃப் இருக்கும் சுவிட்ச்.

எங்கள் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள், கல்யாண மண்டபம், லாட்ஜ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போய்ப் பாருங்கள். லைன்மேனுக்கு நாம் கருவி வாங்கிக் கொடுக்காவிட்டாலும், அவர் உயிருக்கு வைக்கும் கண்ணியையாவது எடுத்துவிடலாம்.

கீழக்கரை_காக்கா எழுதியது:

நான் வளைகுடாவில் 14 வருஷமாக எலெக்ட்ரீசியன். இங்கே எனக்கென்று ஒரு சிவப்புப் பூட்டு, என் படம் ஒட்டிய ஒரு சீட்டு. சுவிட்சை இறக்கி நான் பூட்டினால் சாவி என் பாக்கெட்டில். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றாமல் முதலாளியே வந்தாலும் கரண்ட் போட முடியாது.

ஊருக்கு வந்திருந்தபோது பார்த்தேன், லைனைத் துண்டிக்கும் ஏ.பி சுவிட்சை இறக்கிவிட்டு, அதன் கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டு வேலை பார்க்கிறார்கள். துண்டைப் பார்த்து யாரும் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் தொட மாட்டார்கள்தான். பெரும்பாலும் என்பதை நம்பி மனுஷன் மேலே ஏறலாமா? ஒரு பூட்டு என்ன விலை வரும்? நம் தெருவில் மிட்டாய்க் கடைக்குப் போடும் பூட்டை விடக் கொஞ்சம் கூட.

ஓய்வு_லைன்மேன் எழுதியது:

காக்கா சொன்ன துண்டு என் தோளிலும் இருந்தது. இன்னொன்று சேர்த்துக்கொள்கிறேன். மேட்டு மணலில் எர்த் பிடிக்காது. காய்ந்த மணலில் கம்பியைக் குத்தி எர்த் போட்டுவிட்டோம் என்று நினைப்பது வெறும் மனத்திருப்தி. ஈரம் கண்ணில் படுகிற ஆழம் வரை இறக்க வேண்டும், குடத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் கரையோர ஊர்களுக்கு நீளமான எர்த் ராடு தனியாகக் கொடுக்க வேண்டும். கரிசல் மண்ணுக்குக் கொடுக்கிற அதே சாமானை இங்கேயும் கொடுத்தால் எப்படி?

அலையாத்தி எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பா இப்போதும் கம்பம் ஏறுகிறார். நான் பிசியோதெரபி படித்துவிட்டு ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறேன். விபத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். கையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். சின்ன வயதில் கனவு கண்டு எழுகிறார் என்று நினைத்தேன். படித்த பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல் மடக்கும் தசைநார்களும் ஒரு முக்கிய நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. கையை வளைத்தபடி பலமாக அழுத்தி அழுத்திப் பிடித்தால் தசைநார் வீங்கி நரம்பை நெருக்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். ராத்திரியில்தான் அதிகம் தெரியும். ஓய்வு லைன்மேன் ஐயா பட்டன் போட முடியவில்லை என்றீர்களே, பெருவிரலின் அடிச்சதை மெலிந்திருக்கிறதா என்று யாரிடமாவது காட்டுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

இது வெறும் வலி இல்லை. கை மரத்துப்போன ஆள் உயரத்தில் நின்று எதைப் பிடித்திருக்கிறோம் என்றே தெரியாமல் பிடிப்பார். நீளக் கைப்பிடியோடு, ஒவ்வொரு அழுத்தலுக்கும் பல் பல்லாக இறங்கும் ராட்செட் கட்டர் இருக்கிறது. பேட்டரியில் தானே வெட்டும் கட்டரும் இருக்கிறது. அப்பாவிடம் அதன் வீடியோவைக் காட்டினேன். மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தார். "இதுல வெட்டுனா கைக்கு ஒண்ணுமே இருக்காது போல" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

குந்துகால்_கரை எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் ஐஸ் கம்பெனி முதலாளியிடம் காட்டினேன். பேட்டரி கட்டர் ஒன்று நாமே வாங்கி அந்த அண்ணனிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார். ஆளைத் தொட்டியில் நிறுத்தி மேலே தூக்கும் பக்கெட் வண்டி வாங்கச் சொல்லி மனு எழுதலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

ஓய்வு_லைன்மேன் எழுதியது:

பக்கெட் வண்டி மெயின் ரோட்டுக்கு நல்லது. நம் மீனவத் தெருக்களுக்குள் அது நுழையாது, கடற்கரை மணலில் சக்கரம் புதையும். இங்கே ஃபைபர் ஏணிதான் முதலில் வேண்டும். மழையில் ஊறின மூங்கில் ஏணியும் ஒரு கம்பிதான்.

பனைமரக்காடு எழுதியது:

முதலாளியின் மனசு பெரிது. ஆனால் தனியார் கொடுக்கும் காப்புக் கருவிக்குச் சோதனைச் சீட்டு யார் கொடுப்பது, ஆறு மாதம் கழித்து மறுசோதனை யார் செய்வது? வெட்டும் கருவி, கிரிம்பிங் கருவி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், அவை நிறுத்திய லைனில் பயன்படுபவை. கையுறை, டிடெக்டர், பெல்ட் இவை அலுவலகம் வழியாக, சோதனைத் தேதியோடுதான் வர வேண்டும். உப்புக் காற்றுள்ள ஊர்களுக்குக் கருவி மாற்றும் காலத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி மனு எழுதுங்கள். கம்பிக்கும் இன்சுலேட்டருக்கும் கடலோரத்துக்கென்றே வழி இருக்கிறது. எஃகு இழை இல்லாத அலுமினியக் கலவைக் கம்பி, தண்ணீர் ஒட்டாத சிலிகான் ரப்பர் இன்சுலேட்டர். கைக்கருவிக்கும் அதே நியாயம்தானே? நான் வரைவு எழுதித் தருகிறேன்.

ஏர்வாடி_தெற்கு எழுதியது:

வரைவில் ஒன்று சேருங்கள். அளவு எடுத்துக் கையுறை கொடுக்க வேண்டும் என்று. இத்தனை வருஷத்தில் நான் யாருடைய கையையும் அளந்ததில்லை. ஒப்பந்த ஆட்களையும் பெயர் சொல்லிச் சேருங்கள், கருவேலங்காடு தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அலையாத்தி எழுதியது:

கையுறை அளவு எப்படிப் பார்ப்பது, சார்? அப்பா தூங்கும்போது உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்துப் பார்த்தேன். பெருவிரலை விட்டுவிட்டு அளந்தால் 9 அங்குலம் வருகிறது.

பனைமரக்காடு எழுதியது:

சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள். அங்குலக் கணக்குதான் நம்பர். வேர்வைக்கு உள்ளே பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார் என்றால் அரை அங்குலம் கூட்டி எழுதிக்கொடுங்கள். வலது கையையும் தனியாக அளந்து பாருங்கள், பிளேயர் பிடித்த கை கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

அலையாத்தி எழுதியது:

அளந்தேன். ஒன்பதே கால்.